ஈரம் காயாத இடத்தில் கிருமி: வாசகர் கேள்வி பதில்

ஆஸ்பத்திரியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய்கள் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியரும் மருத்துவரும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள். மாரி மழை பிடித்த பிறகு எழுதிய கடிதங்கள் இவை. காயாத மொப், காயாத துணி, காயாத நூல் என்று கேள்விகளிலேயே ஈரம் சொட்டுகிறது.

மாமிக்கு இடுப்பில் ஒப்பரேஷன். இரவு பகலாக நான்தான் கூட நிற்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் கைக்குப் பூசும் மருந்துப் போத்தல் தொங்குகிறது. அதை எப்போது பூசுவது, சவர்க்காரம் எப்போது போடுவது? (வாசகி, ஆரையம்பதி)

கையில் அழுக்கோ இரத்தமோ மலசலமோ கண்ணுக்குத் தெரிந்தால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான். மாமிக்கு வயிற்றோட்டம் இருந்தாலும் அப்படியே. வயிற்றோட்டம் தரும் கிருமிகளில் சில தடித்த ஓடு போர்த்திய வித்திகளாக இருக்கும். மதுசாரம் அவற்றை ஒன்றும் செய்யாது, தேய்த்துக் கழுவித்தான் போக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் போத்தல் மருந்து போதும். அது சவர்க்காரத்தை விட விரைவாகவும் நன்றாகவும் வேலை செய்யும்.

உள்ளங்கைக் குழி நிறையும் அளவு, அதாவது ஏறக்குறைய 3 மில்லிலீற்றர் எடுங்கள். ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் மட்டும் பூசிவிட்டுப் போவதைத்தான் விடுதிகளில் அதிகம் காண்கிறோம். அதில் தப்பிப் போகிற இடங்கள் பெருவிரலும் விரல் நுனிகளும். மாமியைத் தொடுவது முதலில் அந்த நுனிகள்தானே. பெருவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துச் சுழற்றுங்கள். ஐந்து நுனிகளையும் குவித்து எதிர் உள்ளங்கையில் உரசுங்கள். புறங்கை, விரல் இடுக்கு எல்லாம் நனைந்து, கை தானாகக் காய 20 முதல் 30 வினாடி ஆகும். ஈரக் கையில் பூசினால் மருந்து ஐதாகிவிடும். சவர்க்காரம் போடுவதென்றால் 40 முதல் 60 வினாடி வேண்டும். கழுவிய கையைச் சீலைத் தலைப்பில் துடைக்க வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாகத் தொங்கும் துவாய் அதைவிட மோசம்.

மாமியைத் தொடும் முன், சாப்பாடு கொடுக்கும் முன், காயக்கட்டு, சலம் சேரும் பை, ஊசிக்குழாய் எதையும் தொட முன்னும் பின்னும் கை சுத்தமாக வேண்டும். இன்னொன்றை எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு ஆள் இல்லையென்றால் நாம் எழும்பிப் போய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுப்போம், தலையணையைச் சரி செய்வோம். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஆனால் ஆச்சியிடம் போகுமுன் ஒரு தடவை, திரும்பி மாமியிடம் வருமுன் ஒரு தடவை போத்தலைப் பாவியுங்கள். ஆளில்லாத ஆச்சிக்கு உதவுகிற அதே கைதான் ஒரு விடுதி முழுவதற்கும் ஒரே கிருமியைக் கொண்டுபோகக் கூடியது.

மாமிக்குச் சலக்குழாய் போட்டிருந்தால், பை எப்போதும் சலப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் முட்டக்கூடாது. கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றும்போது பையை மடியில் வைத்தால் சலம் திரும்பி உள்ளே ஓடும். முக்கால்வாசி நிறைய முன் வெறுமையாக்க வேண்டும், பையின் குழாய் வாய் ஏந்தும் பாத்திரத்தில் முட்டக்கூடாது. குழாயும் பையும் சேருமிடத்தைக் கழற்றவே கூடாது. தினமும் காலையில் "மிஸ், இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். குழாய் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை, நல்ல தாதி அதைக் குறையாக எடுக்க மாட்டார்.

குளோரின் தூளைக் கையால் அள்ளிப் போட்டுத்தான் தரை துடைக்கிறோம். மணம் வந்தால் சரி என்கிறார்கள். உண்மையான கணக்கு என்ன? மழை நாளில் மொப் காயவே மாட்டேன் என்கிறது. (சுகாதாரச் சிற்றூழியர், அக்கரைப்பற்று)

மணத்தை வைத்து வலுவைச் சொல்ல முடியாது. அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன குளோரினும் மணக்கும்.

பேணியின் லேபலில் எத்தனை வீதக் குளோரின் என்று முதலில் பாருங்கள். 70 வீதத் தூள் என்றால், இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 7 கிராம். இது 0.5 வீதக் கரைசல். கட்டில் கம்பி, மேசை, மலசலகூடம் போன்றவற்றுக்கு 0.1 வீதம் போதும்: 10 லீற்றர் வாளிக்கு 14 கிராம். தூள் 35 வீதம் என்றால் இந்த அளவுகளை இரட்டியுங்கள். 5 வீதத் திரவம் கிடைத்தால் 0.5 வீதத்துக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர், 0.1 வீதத்துக்கு ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் கரண்டியை ஒரேயொரு தடவை பாமசித் தராசில் நிறுத்து, இத்தனை கரண்டி இத்தனை லீற்றருக்கு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பிறகு யாரும் அள்ளிப் போட வேண்டி வராது.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். சுடுதண்ணீர் வேண்டாம், குளோரின் ஆவியாகிப் போகும். அன்றன்று கரைத்து அன்றன்றே ஊற்றிவிடுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். பூட்டிய சின்ன அறையில் அது ஆளைக் கொல்லக் கூடியது. பேணியின் மூடியை இறுக்கி, காய்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். கடற்காற்றிலும் மாரி ஈரத்திலும் திறந்து கிடந்த தூள் கட்டிபட்டு வலு இழந்துவிடும், பிறகு எந்தக் கணக்கும் பிழைக்கும்.

இரத்தம் சிந்தினால் நேரே குளோரினை ஊற்ற வேண்டாம். கையுறை போட்டுக் கடதாசியால் ஒற்றி எடுத்து, தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். அதன் பிறகு 0.5 வீதக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தெடுங்கள். அழுக்கு கிடந்தால் குளோரின் அழுக்கோடு மாரடித்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது.

இனி மொப். சாயங்காலம் வேலை முடிந்ததும் மொப்பை அதே வாளியில், அதே தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர் வழுவழுவென்று இருக்கும், ஒரு புளித்த நாற்றமும் வரும். சூடோமோனாஸ் போன்ற தண்ணீர்க் கிருமிகள் ஓரிரவில் இலட்சக்கணக்கில் பெருகிய நிலை அது. அதைக் கொண்டு துடைத்தால் தரைக்குக் கிருமி பூசுகிறோம் என்றுதான் பொருள். ஆகவே மொப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, 0.1 வீதக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகப் பிழிந்து, தலை மேலே இருக்கும்படி காற்றோட்டமான தாழ்வாரத்தில் கொளுவுங்கள். மாரியில் ஒரு நாளில் காயாதுதான். அதனால்தான் கழற்றக்கூடிய தலையுள்ள மொப்பும், விடுதிக்குக் குறைந்தது மூன்று தலைகளும் வேண்டும் என்று பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள். காயாத தலையை அன்று எடுக்காதீர்கள்.

இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் சுத்தமான கரைசல், மற்றதில் அலசும் தண்ணீர். தூரத்து மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள், கலங்காவிட்டாலும் அறைக்கு அறை மாற்றுங்கள். மலசலகூட மொப் விடுதிக்குள் வரவே கூடாது, அதன் தடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வையுங்கள். காய்ந்த தும்புத்தடியால் கூட்டித் தூசி கிளப்புவதையும் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மனதாரச் சொல்கிறோம். தரை பளபளக்கிறதா என்றுதான் மேலதிகாரிகள் பார்ப்பார்கள். ஆனால் தரையை யாரும் கையால் தொடுவதில்லை. கட்டில் கம்பி, லொக்கர் மூடி, சுவிட்ச், தண்ணீர்க் குழாயின் திருகு, சேலைன் தூண் ஆகியவற்றைத்தான் ஒரு நாளில் நூறு கை தொடும். தரைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அவற்றுக்குக் கொடுங்கள்.

நான் முஸ்லிம். கைக்குப் பூசும் மருந்தில் மதுசாரம் இருக்கிறதே, அதைப் பூசிக்கொண்டு தொழலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். மதுசாரம் கூடக் கூட நல்லது என்பதும் உண்மையா? (தாதி, சாய்ந்தமருது)

மக்காவில் 2002 ஜனவரியில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) பேரவை, காயத்தைச் சுத்தம் செய்யவும் கிருமி கொல்லவும் மதுசாரத்தை உடலின் வெளிப்புறத்தில் பாவிக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைச் சுகாதார வழிகாட்டியிலும் இந்த விடயம் தனியாக எடுத்துப் பேசப்பட்டிருக்கிறது. மனதில் ஐயம் நின்றால் உங்கள் ஊர் உலமாவிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். பூசிய மதுசாரம் அரை நிமிடத்தில் ஆவியாகிவிடும், தோலூடாக இரத்தத்துக்குப் போவது கணக்கில் எடுக்க முடியாத அளவு சொற்பம்.

கூடக் கூட நல்லது என்பது பிழை. கிருமியின் புரதத்தைச் சிதைக்க மதுசாரத்துக்குக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது செய்முறையில் எதனோல் 80 வீதம், தோல் வெடிக்காமல் இருக்கக் கிளிசரோல் 1.45 வீதம், கலவையில் வித்திகள் இருந்தால் அழிக்க ஹைட்ரஜன் பெரொக்சைட் 0.125 வீதம் சேர்க்கப்படுகிறது. 60 வீதத்துக்குக் குறைந்ததை ஆஸ்பத்திரிக்கு வாங்கக்கூடாது. பூசிய கை காயுமுன் நெருப்புக்குக் கிட்டப் போக வேண்டாம்.

அம்மன் கோயில் சடங்குக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன். விடுதியில் கையில் நூல் இருக்கக்கூடாது என்கிறார்கள். நூலால் என்ன வந்துவிடப் போகிறது? (பயிற்சித் தாதி, மட்டக்களப்பு)

அந்த நூலை ஒரு நாள் பணி முடிந்து தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை கை கழுவுகிறீர்கள், பஞ்சு நூல் ஒவ்வொரு தடவையும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குக் கீழே உள்ள தோலுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. காயத்துக்கு மருந்து கட்டக் குனியும்போது முதலில் முட்டுவது மணிக்கட்டுத்தான். மணிக்கூடு, வளையல், கல்லு வைத்த மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான். முழங்கைக்குக் கீழே ஒன்றும் வேண்டாம்.

நேர்த்தியை விடச் சொல்லவில்லை. காப்பை முழங்கைக்கு மேலே புயத்தில் கட்ட முடியுமா என்று பூசகரிடம் கேளுங்கள். முடியாதென்றால் காப்பு அவிழ்க்கும் வரை நோயாளரைத் தொடாத வேலை தரும்படி பொறுப்புத் தாதியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அண்ணனுக்கு மெலியோய்டோசிஸ் என்று விடுதியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார். தொற்றுமா? (விவசாயி, வெல்லாவெளி)

பக்கத்துக் கட்டிலுக்குத் தொற்றாது. மனிதரிலிருந்து மனிதருக்கு இது போவது உலக அளவிலேயே அரிதிலும் அரிது. அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இந்தக் கிருமி குடியிருப்பது மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும். வயலில் இறங்குபவரின் காலில் உள்ள வெட்டு, வெடிப்பு வழியாக உள்ளே போகும். கடும் மழைக் காற்றில் தூவானத்தோடு மூச்சிலும் போகலாம். கொதிக்க வைக்காத தண்ணீர் வழியாகவும் போகலாம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரி வேளாண்மைக் காலத்தில் நோய் தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம். யாருக்கு வரும் என்று பார்த்தால் சீனி வருத்தக்காரர் முன்வரிசையில் நிற்பார்கள். சிறுநீரக நோயும் நீண்ட காலக் குடிப்பழக்கமும் அடுத்தது. சிலருக்கு நியூமோனியாவாக வரும், சிலருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ மூட்டிலோ சீழ்க்கட்டியாக வரும். மாதக்கணக்கில் இருமலும் மெலிவுமாக இழுத்தால் காசநோய் என்றே ஏமாறலாம். இரத்தத்தையோ சீழையோ எடுத்துக் கல்ச்சர் போட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆகவே வயல் வேலை, சீனி, வெள்ளத் தண்ணீரில் நின்றது ஆகிய மூன்றையும் டொக்டர் கேளாவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை வேண்டிய இடம் ஆய்வுகூடம். கல்ச்சர் தட்டில் வளர்ந்த கிருமியை மணந்து பார்க்கும் பழைய பழக்கம் இதில் ஆபத்து, தட்டைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே திறக்க வேண்டும். விடுதியில் அண்ணனின் சீழ்க் கட்டை மாற்றுபவர் கையுறை போட்டு, பிறகு கையைக் கழுவினால் போதும்.

அண்ணனுக்கு நீங்கள் செய்ய வேண்டிய உதவி ஒன்று இருக்கிறது. முதலில் குறைந்தது இரண்டு கிழமை அளவில் நரம்பில் மருந்து ஏறும். அது முடிந்ததும் காய்ச்சல் போய், சாப்பாடு இறங்கி, ஆள் தெம்பாகிவிடுவார். அதன் பின் குறைந்தது மூன்று மாதம் குளிசை போட வேண்டும். சுகம் வந்துவிட்டது என்று இடையில் விட்டவர்களுக்கு நோய் திரும்பி வந்திருக்கிறது, வரும்போது கடுமையாகவே வரும். குளிசைப் பெட்டியை உங்கள் பொறுப்பில் எடுங்கள். அடுத்த போகத்துக்கு அவர் சப்பாத்து இல்லாமல் வயலில் இறங்கக்கூடாது.

நாளைக்கு ஹேர்னியா ஒப்பரேஷன். இன்றிரவே வீட்டில் ரேசரால் மயிரைச் சிரைத்துவிட்டுப் போவது நல்லதுதானே? (வாசகர், நிந்தவூர்)

வேண்டாம். ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். இரவு முழுக்க அந்தக் கீறல்களில் கிருமி பெருகி, காலையில் கத்தி வைக்கும் இடத்திலேயே காத்திருக்கும். மயிர் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் கிளிப்பரால் எடுப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்து, துவைத்த உடுப்பு உடுத்துக்கொண்டு போவது. புகை பிடிப்பவரென்றால் இன்றே நிறுத்துங்கள். சீனி இருந்தால் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சீனி ஏறினால் காயம் ஆறாது.

குப்பைப் பை தூக்கும்போது ஊசி ஒன்று விரலில் ஏறிவிட்டது. இரத்தத்தைப் பிதுக்கி எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சரிதானா? (துப்புரவுப் பணியாளர், கல்முனை)

இந்த இதழ் கையில் கிடைத்த உடனே ஆஸ்பத்திரியின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடம் போங்கள். நாள் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் இப்போதும் தேவை.

பிதுக்கக்கூடாது. அது இழையத்தைக் காயப்படுத்தும், பலன் இல்லை. ஸ்பிரிட்டும் குளோரினும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் பல நிமிடம் கழுவ வேண்டும். அடுத்தது, அந்த நிமிடமே அறிவிப்பது. யாருடைய ஊசி என்று தெரிந்தால் அவரின் இரத்தமும் பரிசோதிக்கப்படும். எச்.ஐ.வி. ஐயம் இருந்தால் தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் போட வேண்டும். ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி போடாதவருக்கு இம்யூனோகுளோபியூலின் (ஆயத்தமான எதிர்ப்புப் பொருள்) ஊசியும் தடுப்பூசியும் தேவைப்படலாம், இயலுமானால் 24 மணி நேரத்துக்குள்.

எச்.ஐ.வி. என்றதும் எல்லாரும் நடுங்குகிறார்கள். கணக்கு வேறு. அந்த நோய் உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி ஏறினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றில் முப்பது வரை போகும். அந்த வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் உயிரோடு கிடக்கும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். தாதியருக்குப் போடுகிறார்கள், குப்பை தூக்குகிறவரை மறந்துவிடுகிறார்கள். அதை நீங்கள் கேட்டுப் பெற வேண்டும், அது உங்கள் உரிமை.

உங்கள் விரலில் ஏறிய ஊசி அந்தப் பைக்குள் வந்திருக்கவே கூடாது. எங்கள் நாட்டு நிற ஒழுங்கில் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி ஊசிக்கு, வெறும் மஞ்சள் பை தொற்றுக் கழிவுக்கு, கறுப்புப் பை சாதாரணக் குப்பைக்கு. ஊசி போட்டவர் மூடியைத் திரும்பப் போடாமல், அந்தக் கையோடே பெட்டியில் போட வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் பெட்டியைப் பூட்டிவிட வேண்டும். நீங்கள் பையைக் கழுத்தில் பிடித்துத் தூக்குங்கள், அடியில் கை கொடுக்க வேண்டாம், காலில் முட்டவிடவும் வேண்டாம்.

கோயில் இலவச முகாமில் எல்லாருக்கும் ஒரே பேனாவால் விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். ஊசியை மட்டும் மாற்றினார்கள். பரவாயில்லையா? (வாசகர், செங்கலடி)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனையில் ஒட்டிய இரத்தம் அடுத்தவர் விரலில் முட்டும். ஹெப்படைட்டிஸ் பி இப்படிப் பரவியிருக்கிறது. முகாமுக்கு ஒரு தடவை குத்திவிட்டு எறியும் லான்செற்றுத்தான் வேண்டும். குத்துபவர் ஆளுக்கு ஆள் கையுறையை மாற்ற வேண்டும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் சீனி வருத்தக்காரர் என்றாலும் பேனா வெவ்வேறாக இருக்கட்டும், இன்சுலின் பேனாவும் அப்படியே. பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, கிளினிக் போகும் நாளில் அங்கே கொடுங்கள்.

ஒட்டோகிளேவில் (நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரம்) இருந்து எடுத்த டிரம்மைத் திறந்தால் துணி ஈரமாக இருக்கிறது. ஒட்டிய டேப்பில் கோடு கறுத்துவிட்டது. பாவிக்கலாமா? (தனியார் சிகிச்சை நிலைய உதவியாளர், களுவாஞ்சிகுடி)

கூடாது. ஈரத் துணி வெளியில் உள்ள கிருமியை விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல உள்ளே இழுக்கும். வெளியே எடுத்த மேசையில் இருந்தே இழுத்துவிடும். திரும்பவும் பொதி செய்து போடுங்கள்.

டேப் கறுத்ததற்குப் பொருள், அந்த டிரம் சூட்டைக் கண்டது என்பது மட்டும்தான். நடுவில் மடிந்து கிடக்கும் துணிக்கு நீராவி போனதா என்று டேப்புக்குத் தெரியாது. அதற்குப் பொதியின் நடுவில் ஒரு காட்டித் தாள் வைக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை வித்திச் சோதனையும் வேண்டும், சூட்டுக்கு மசியாத வித்திகளே செத்தால்தான் இயந்திரம் சரி.

ஈரம் வருவதற்கு முதற்காரணம் திணிப்பு. ஒரு நாளில் இரண்டு தடவை போடுவதைச் சேமிக்க ஒரே டிரம்மில் அடைத்துவிடுவார்கள். மேலிருந்து உங்கள் கையை விரித்து அடி வரை இலகுவாக நுழைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் நீராவியும் நுழையாது. இரண்டாவது, டிரம்மின் பக்கத் துவாரங்களைத் திறக்க மறப்பது, எடுத்த பின் மூட மறப்பது. மூன்றாவது, சூடு இறங்குமுன் கதவை அகலத் திறப்பது. கதவைச் சற்றே நீக்கிவிட்டு கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். எடுத்த சூட்டோடு குளிர்ந்த சீமெந்து மேசையில் வைத்தால் அடியில் வேர்த்துவிடும், கம்பித் தட்டில் வையுங்கள்.

பொதி செய்ததற்கு 121 பாகை, 15 இறாத்தல் அமுக்கத்தில் 30 நிமிடம். நிமிடம் எண்ணத் தொடங்குவது 121ஐத் தொட்ட பிறகு. அடுப்பை மூட்டிய நேரத்திலிருந்து எண்ணுவது பெரும் பிழை. உள்ளிருக்கும் காற்று வெளியேறாமல் அமுக்கமானி மட்டும் 15 காட்டினால் சூடு 121க்கு வந்திருக்காது, ஆகவே இரண்டையும் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன் கருவியைக் கழுவ வேண்டும். ஆட்டரி போர்செப்ஸின் (இரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) மூட்டைத் திறந்து பிரஷ்ஷால் தேய்த்தால்தான் பற்களுக்குள் காய்ந்த இரத்தம் போகும். காய்ந்த இரத்தத்துக்கு அடியில் நீராவி எட்டாது. அவித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கொதிதண்ணீர் 100 பாகையைத் தாண்டாது, அதில் ஏற்பு வலி வித்திகள் சாகாது.

பிள்ளை பிறந்து பத்து நாள். பார்க்க வருபவர்களைக் கை கழுவச் சொன்னால் "எங்கட கை சுத்தமாத்தான் இருக்கு" என்று மூத்தவர்கள் மனம் நோகிறார்கள். (இளந்தாய், வாழைச்சேனை)

இதே சொல்லை வியன்னா நகரத்து வைத்தியர்களும் சொன்னார்கள். 1847இல் அங்கே இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். பிரேத பரிசோதனை அறையிலிருந்து நேரே பிள்ளைப்பேற்று விடுதிக்கு வரும் வைத்தியர்களின் பகுதியில் தாய்மார் காய்ச்சல் கண்டு சாகிறார்கள், மருத்துவ மாதர் பார்க்கும் பகுதியில் சாவு மிகக் குறைவு. கையைக் குளோரின் கரைசலில் கழுவ வைத்தார். ஏப்ரல் மாதம் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. பார்வைக்குச் சுத்தமான கைகள்தான் அவை. மூத்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வாசலிலேயே வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்துவிடுங்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்து கை கால் கழுவும் பழக்கம் நமக்குப் புதிதல்லவே. துடக்கு என்று நாள் கணக்கில் ஆட்களை எட்ட நிறுத்திய வழக்கமும் இந்த ஒரு விடயத்தில் பிள்ளைக்குக் காவலாக இருந்தது.

தடிமன், இருமல், உதட்டில் கொப்புளம் உள்ளவர் பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம், முத்தமிடவும் வேண்டாம். தொப்புளில் ஒன்றும் பூசாதீர்கள், எண்ணெய், சாம்பல், பவுடர் எதுவுமே. நனைந்தால் ஒற்றி உலரவிடுங்கள். சுற்றித் தோல் சிவந்தால், நாற்றம் வந்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

டெங்கு நோயாளியை விடுதியில் பகலிலும் நுளம்பு வலைக்குள் ஏன் வைக்கிறார்கள்? (மாணவி, கல்லடி)

டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். காய்ச்சலின் முதல் ஐந்து நாள் அளவில் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்து அடுத்த கட்டிலைக் கடித்தால் அங்கேயும் டெங்கு. வலை அவருக்காக அல்ல, மற்றவர்களுக்காக. அதே விடுதியில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர் சேரும் தட்டையும் கூரைப் பீலியையும் பின்புறம் எறிந்த சேலைன் போத்தல்களையும் கிழமைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள்தான். தட்டுத் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கவிழ்த்துக் காய வையுங்கள்.